பெண்கள் பக்கத்து மீட்டர்

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பாதிதான் உண்மை. மீதியைக் கீழே சொல்கிறேன். போனில் சொன்னால் என்ன என்பீர்கள். போனில் நான் ஒரு கேள்வி கேட்டால் உடனே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று நீங்கள் கேட்கிற வரைக்கும் கணீரென்று கேட்கிற குரல் அதற்குப் பிறகு எங்கே போகிறதோ தெரியவில்லை. அதனால்தான் கடிதம். கம்பெனி வண்டி ஓட்டுகிறவர் நீங்கள் வேலைக்குப் போயிருக்கிற ஊர்ப் பக்கம் அடிக்கடி வருகிறாராம். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் நல்ல சேதி. பொருட்காட்சி முடிந்தது. மூன்று நாளும் திடலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். போன வருஷத்தைவிடக் கூட்டமும் அதிகம், வெயிலும் அதிகம். ஆனால் செலவான தண்ணீரைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் போன வருஷத்தில் ஏறக்குறைய பாதிதான் வருகிறது. எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்று சொல்லியே அந்தப் பேரை வாங்கிய திடல் மேனேஜர் எனக்குத் தன் கையாலேயே டீ கொண்டுவந்து கொடுத்தார். நம் முதலாளி, அடுத்த மாதம் மாநாட்டில் நீங்கள்தான் பேசப்போகிறீர்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். எல்லா ஊர்த் திடல்காரர்களும் அங்கே வருகிறார்களாம். நீங்கள் சொல்லப்போகும் அந்தப் பாதி என்ற எண்ணைக் கேட்டு எல்லாத் திடலிலும் உங்கள் திட்டத்தையே போடப்போகிறார்களாம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று பக்கத்து மேசைக்காரி என்னைக் கிள்ளினாள்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் என் குணம் உங்களுக்குத் தெரியும். தராசுத் தட்டின் அடியைத் தடவிப் பார்க்காமல் வெங்காயம் வாங்காதவள் நான். நீங்கள் குழாய் பொருத்துகிறவர், நான் மீட்டர் படிக்கிறவள். நம்மை ஒரே கம்பெனியில் வேலைக்கு வைத்துக் கல்யாணமும் செய்துவைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

என் சந்தேகம் இதுதான். பெரிய மீட்டரை எல்லோரும் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நான் ஒவ்வொரு பக்கத்துச் சின்ன மீட்டரையும் தனித்தனியாகப் பார்த்தேன். ஆண்கள் கழிப்பறைப் பக்கம் ஏதோ கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. அது நியாயம், நீங்கள் பொருத்திய, கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் அமுக்குக் குழாய் அவ்வளவுதான் மிச்சம் பிடிக்கும். பெண்கள் பக்கத்தில் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. குடிதண்ணீர்ப் பக்கமும் அப்படியே இறங்கியிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே குழாய், ஒரே கடையில் வாங்கியது, ஒரே ஆள் பொருத்தியது. அந்தக் குழாய்க்கு ஆண் கை எது, பெண் கை எது என்று தெரியுமா? அந்த வெயிலில் குடிதண்ணீர் ஏன் குறைய வேண்டும்?

யாரோ மீட்டருக்கு முன்னாலேயே தண்ணீரைத் திருப்பிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். திடலுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற லாரிக்காரர் மேல் ஒரு கண் இருக்கிறது. பார்ப்போம் மேல் இரண்டு கண்ணும் இருக்கிறது. நான் வாயைத் திறக்கும் முன்பே அவர், "நம்ம ஆளுங்க யாரும் வெளியில தண்ணி விக்கிறதில்லம்மா" என்றார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். நான் கேட்கவே இல்லையே!

இப்போது அந்த மீதிப் பாதி. பதற வேண்டாம். உங்கள் தங்கைக்குக் காய்ச்சல். மூன்று நாளும் தான் தைத்த குழந்தைச் சட்டைகளை வைத்துக்கொண்டு பொருட்காட்சிக் கடையில் நின்றாள் அல்லவா, ஆறு மாத வயிற்றோடு எதற்கு என்று நான் எவ்வளவோ சொன்னேன். கேட்டால்தானே, உங்கள் தங்கை ஆயிற்றே. கடை முடிந்த மறுநாள் குளிர் தூக்கிப் போட்டது, இடுப்பெல்லாம் வலி. மாப்பிள்ளை பஸ் டிப்போவிலிருந்து ஓடி வந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறதாம்.

ஒரே ஒரு கேள்வி. பெண்கள் பக்கத்தில் மட்டும் நீங்கள் வேறு ஏதாவது பொருத்தினீர்களா? எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத் துண்டைத் தலைகாணி மேல் போடாதீர்கள்.

வழக்கம்போல் உங்களைத் தவிர எல்லோரையும் சந்தேகப்படும்,
உங்கள் வீட்டுக்காரி


வியாழக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கடிதமா அது? தந்தி அடிக்கிறவர்கூடக் கொஞ்சம் தாராளமாக எழுதுவார். தங்கையைப் பெரிய டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறீர்கள், காட்டியாயிற்று. எண் வந்தாயிற்று, அதைக் கிளறாதே என்று எழுதியிருக்கிறீர்கள். அளவெடுத்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு முடிவுத்தாளை இதே வண்டியில் அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. காகிதத்துக்கும் சிக்னல் போய்விடுமோ?

கிளறாதே என்றால் நான் கிளறாமல் இருப்பேனா. முதலில் லாரிக்காரர். தண்ணீர் நிரப்பும் இடத்துக்கு எதிர்ப்பக்கத்து டீக்கடையில் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்தேன். கடைக்காரர் எனக்கு யாராவது வர வேண்டியிருக்கிறதா என்று கேட்டார். ஆமாம், ஒரு திருடர் வரவேண்டும் என்று சொல்ல வாய் வரை வந்தது. லாரிக்காரர் வந்தார், நிரப்பினார், நேராகத் திடலுக்குள் வந்து கொட்டினார். வழியில் வண்டிக் கண்ணாடியில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றித் துடைத்தார், அவ்வளவுதான் அவர் செய்த களவு. பின்னாலேயே ஆட்டோவில் வந்த என்னை அவர் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். இறங்கி வந்து, "வழி தெரியலைன்னா கேட்டிருக்கலாமேக்கா, நானே ஏத்திக்கிட்டு வந்திருப்பேன்" என்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அடுத்தது மீட்டர். எல்லாச் சின்ன மீட்டர்களின் முத்திரையையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் அறுபடவில்லை. மீட்டரே பொய் சொல்கிறதோ என்று, அளவு தெரிந்த டிரம்மை அடியில் வைத்து நிரப்பிப் பார்த்தேன். மூன்று தடவை. மீட்டர் சொன்னதும் டிரம் சொன்னதும் ஒன்று. தண்ணீர் எங்கேயும் திருட்டுப் போகவில்லை. அந்தப் பக்கம் தண்ணீர் செலவாகவே இல்லை, அதுதான் நிஜம்.

தப்பாகச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்ற குறையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கேதான் எனக்கு உறைத்தது.

டாக்டரம்மா உங்கள் தங்கையிடம், பொருட்காட்சி நாட்களில் எவ்வளவு தண்ணீர் குடித்தாய் என்று கேட்டார். இவள் மேலே பார்த்து யோசித்தாள். காலையில் வீட்டில் ஒரு டம்ளர். அப்புறம் மத்தியானம் நாக்கை நனைக்க ஒரு மடக்கு. அப்புறம் இருட்டிய பிறகு வீட்டில்தான். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த வெயிலில்! டாக்டரம்மா கத்தினாரே பார்க்க வேண்டும். இது சிறுநீரை அடக்கி அடக்கி வந்த காய்ச்சல், கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது, தண்ணீர் வற்றினதால்தான் வயிறும் இறுக்கிப் பிடிக்கிறது என்றார். தண்ணீருக்கா பஞ்சம் என்று நானும் சேர்ந்து திட்டினேன். உங்கள் தங்கை அழுதுகொண்டே சொன்னாள்: "அண்ணி, அந்த லைனைப் பாத்தீங்களா? ஒரு தடவை போனா முக்கால் மணி நேரம். கடையை யாரு பாத்துக்கிறது? பக்கத்துக் கடை அக்காவும் குடிக்கல. குடிச்சா போகணும், போகணும்னா நிக்கணும். யாருமே குடிக்கல அண்ணி."

யாருமே குடிக்கவில்லை. நான் திடலில்தான் இருந்தேன். மீட்டர் அறைக்குப் பின்னால் ஊழியர்களுக்கென்று ஒரு கழிப்பறை இருக்கிறதே, எனக்கென்ன கவலை. மூன்று நாளும் மணிக்கொரு தரம் மீட்டரைப் பார்த்து, முள் மெதுவாக நகர்கிறது, பிரமாதம் என்று குறித்துக்கொண்டேன். குழாயில் போகாத தண்ணீரையெல்லாம் மிச்சம் என்று எழுதினோம். அது வீணாகாமல் மிச்சமானதா, தாகத்தோடு நின்றவர்கள் குடிக்காமல் விட்டதா என்று நாம் இருவரும் ஒருநாளும் கேட்கவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆத்திரம் என் மேலும்தான்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. பெண்கள் பக்கத்தில் இரண்டு வரிசை அறைகள் உண்டு. போன வருஷமும் கூட்டம்தான், அப்படி முக்கால் மணி நேரம் யாரும் நிற்கவில்லை. இந்தத் தடவை மட்டும் ஏன்? துப்புரவுச் செலவை மிச்சம் பிடிக்க அந்தப் பார்ப்போம் மேனேஜர்தான் ஒரு வரிசையைப் பூட்டிவிட்டார் என்று நினைக்கிறேன். சாவிக்கொத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு அலையும்போதே நினைத்தேன். நாளைக்குத் திடலுக்குப் போய்க் கையும் களவுமாகப் பிடித்து முதலாளி முன்னால் நிறுத்தப்போகிறேன். உங்கள் நல்ல பெயரையும் சேர்த்துக் கெடுத்துவிட்டாரே, பாவி மனிதர். முடிவுத்தாள் அதுவரை காத்திருக்கட்டும்.

தங்கைக்குக் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வயிற்று இறுக்கம் இன்னும் விட்டுவிட்டு வருகிறது. அண்ணன் எழுதினானா என்று கேட்டாள். எழுதினார் என்றேன். என்ன எழுதினான் என்றாள். நிறைய எழுதினார் என்று பொய் சொன்னேன். அடுத்த தடவை அந்தப் பொய்யை நிஜமாக்குங்கள்.

இப்படிக்கு,
கிளறுகிறவள்


திங்கட்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

இடையில் வண்டி ஒரு தடவை வந்து போயிற்று. கொடுத்தனுப்ப ஒன்றும் இல்லை என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டேன். எழுதி எழுதிக் கிழித்ததுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை திடலுக்குப் போனேன். கூடாரம் எல்லாம் பிரித்துவிட்டார்கள், தரையெல்லாம் காகிதத் தட்டும் கயிறுமாகக் கிடந்தது. பெண்கள் பக்கத்தைக் கழுவுகிற அம்மாவைப் பிடித்தேன், எல்லோரும் பெரியக்கா என்பார்களே, அவர்தான். கேட்ட மாத்திரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டார். பின் வரிசைக்கு முதல் நாள் காலையிலிருந்தே தண்ணீர் வரவில்லையாம். கதவில் பழுது என்று பலகை தொங்கியதாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்கள் கதவை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்களாம். வயதான ஒருத்திக்கு நிற்கும்போதே ஆகிவிட்டதாம், பெரியக்காதான் தன் புடவையைக் கொடுத்து அனுப்பினாராம். மேனேஜரிடம் போய்ச் சொன்னதற்கு, "அது கம்பெனி வேலை, நீ கை வைக்காதே" என்றாராம்.

மேனேஜர் சிக்கினார் என்று நினைத்துக்கொண்டு அந்தக் கட்டடத்தின் பின்னால் போனேன். சுவருக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற சந்து. அங்கேதான் பின் வரிசையின் வால்வு. இறுக்கி மூடியிருந்தது. யாரும் தெரியாமல் திறந்துவிடக்கூடாது என்று கைப்பிடியைக் குழாயோடு சேர்த்துக் கம்பியால் கட்டியிருந்தது. கட்டை அவிழ்த்துத் திறந்தேன். எல்லாக் குழாயிலும் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. ஒரு பழுதும் இல்லை.

கையில் அந்தக் கம்பியோடு அங்கேயே நின்றேன்.

யாராக இருந்தாலும் கம்பியை முறுக்கி முனையை அப்படியே வெளியே நீட்டிக்கொண்டு விடுவார்கள். அடுத்து வருகிறவர் கையில் குத்தினால் அவர் பாடு. இந்தக் கட்டில் முறுக்கு இடப்பக்கமாக இருந்தது. முனை இரண்டாக மடங்கி உள்ளே செருகியிருந்தது. நம் வீட்டுத் துணிக்கொடி அப்படித்தான் கட்டியிருக்கிறது. மாடிக் கதவின் கொக்கியும் மோட்டார் மூடியும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் ஏன் இப்படி மெனக்கெடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, இருட்டில் தடவுகிறவர் கை கிழியக்கூடாது என்றீர்கள். அந்தப் பதிலுக்காகத்தான் எனக்கு உங்களைப் பிடித்தது, இதுவரை நான் சொன்னதில்லை.

அப்போதும் உங்களுக்காகவே யோசித்தேன். கசிவு ஏதாவது இருந்து மூடியிருப்பீர்கள், திறக்க மறந்திருப்பீர்கள் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு வாஷர் தேய்ந்திருந்தால்கூட எனக்குக் குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போகிறவர் நீங்கள். ஊருக்குக் கிளம்பும் முன் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பார்ப்போமிடம் நேராகவே கேட்டேன். அவர் கீழே பார்த்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர்கிட்டயே கேளுங்கம்மா" என்றார். அந்த மனிதரை எவ்வளவு கேவலமாக நினைத்துவிட்டேன். லாரிக்காரரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஊரையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்துவிட்டு வீட்டை விட்டுவிட்டேன்.

உங்கள் நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு வருஷமாக அந்தக் குழாயோடு மல்லுக்கட்டினீர்கள். மிச்சமானது கொஞ்சம்தான். கொஞ்சத்துக்கு யாரும் மேடை போடமாட்டார்கள் என்று முதலாளி உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்ன அன்றைக்கு நீங்கள் சாப்பிடாமல் படுத்தீர்கள். யாருக்கும் கெடுதல் செய்ய நினைத்திருக்கமாட்டீர்கள். பாதி அறையை மூடினால் பாதிப் பேர் கொஞ்சம் காத்திருப்பார்கள், வீணாகத் திறந்துவிடும் தண்ணீர் குறையும், அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். ஆம்பளைக் கணக்கு. வெளியே கிளம்பும் முன்னாலேயே எவ்வளவு குடிக்கலாம் என்று யோசித்துக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. பத்து வருஷமாக உங்களோடு பஸ்ஸில் போகிறேன், ஒருநாளாவது நான் வழியில் தண்ணீர் குடித்துப் பார்த்திருக்கிறீர்களா?

இதைப் படித்ததும் உங்கள் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறாத கோபத்தோடும் சாப்பாட்டு வேளை வந்தால் நீங்கள் சாப்பிட்டிருப்பீர்களா என்றுதான் நினைக்கிறேன். இரண்டும் நிஜம்.

இப்போது உங்கள் தங்கை. சனிக்கிழமை இறுக்கம் அதிகமாகிவிட்டது. பிள்ளை இப்போதே வந்துவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டரம்மா மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஊசி போட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பிள்ளை உதைக்கிறது, அவ்வப்போது என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக் காட்டுகிறாள். பிரசவம் வரை எழுந்து நடக்கக்கூடாதாம். மாப்பிள்ளை டிப்போவுக்குப் போகவே இல்லை, கட்டிலுக்கு அடியில் பாயை விரித்துக்கொண்டு கிடக்கிறார்.

இவளுக்கு ஒன்றும் தெரியாது. வருகிற நர்ஸிடமெல்லாம் உங்கள் புராணம்தான். "அந்தத் திடல்ல பாதித் தண்ணிய மிச்சம் பிடிச்சது எங்கண்ணன்தான், மேடையெல்லாம் ஏறப்போறான்" என்கிறாள். நேற்று டாக்டரம்மாவிடமும் சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. எந்தத் திடல் என்று கேட்டார். இவள் பெருமையாகச் சொன்னாள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். அந்த மூன்று நாளுக்குப் பிறகு இதே காய்ச்சலோடு இன்னும் சில பெண்கள் வந்துவிட்டுப் போனார்களாம். நான் டம்ளரைக் கழுவுகிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

நீங்கள் மேடையில் அந்த எண்ணைச் சொன்னால் எல்லாத் திடலிலும் அந்த எண்ணைக் கேட்பார்கள். உங்கள் குழாயால் அது வராது. வராவிட்டால் எல்லாத் திடலிலும் பின் வரிசை வால்வை மூடி யாராவது கம்பியால் கட்டுவார்கள். அவர்கள் கம்பி முனையைக்கூட மடக்கமாட்டார்கள்.

முதலாளி முடிவுத்தாளைக் கேட்டு ஆள் மேல் ஆள் விடுகிறார். தலைவலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, உங்கள் தங்கையிடம் சொல்லவே மாட்டேன். அது என் வாயால் வரக்கூடாது.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மாநாட்டுக்கு நேராகப் போகாதீர்கள். இந்த வண்டியிலேயே ஏறி முதலில் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மாப்பிள்ளையை ஒரு நிமிஷம் வெளியே அனுப்பிவிடுகிறேன், நானும் போய்விடுகிறேன். அவள் உங்கள் கையையும் எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைப்பாள், எல்லோருக்கும் வைக்கிறாள். அப்படியே வைத்துக்கொண்டு அவளிடம் நீங்களே சொல்லுங்கள். சொல்லிவிட்டு வெளியே வந்து, அதற்குப் பிறகும் அந்த முடிவுத்தாளைக் கேட்டீர்களானால் நான் மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போடுகிறேன்.

பத்திரமாக வந்து சேருங்கள். வழியில் தண்ணீர் குடியுங்கள்.

எப்போதும் உங்கள்,
மீட்டர் படிக்கிறவள்